சயாமில் மாலைப் பெரட்டு

எங்கள் தோட்டத்து அலுவலகத்தில் சுற்றுப்பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் ஷாலினி என்ற பெண், போன மாதம் பெருமாள் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பதினாலாம் நம்பர் தேயிலைச் சரிவுக்குக் கீழே பலகை வைக்கப் போகிறார்களாம். அந்தச் சரிவை நாங்கள் யாரும் பதினாலாம் நம்பர் என்று சொல்வதில்லை. சயாம் என்றுதான் சொல்வோம்.

"அங்கிள், தாய்லாந்துலேர்ந்து வந்த டூரிஸ்ட் ஒருத்தரு, எங்க நாட்டுப் பழைய பேரு உங்க தேயிலைக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்குறாரு. எனக்குப் பதில் தெரியலலா. பலகையில போட ரெண்டு வரி வேணும்."

"பேசச் சொன்னா பேசுவேன்மா. எழுத வராது. கீழ் லயத்து வீட்ல பஸ் ஸ்டாண்டு இருக்கான், அவன்கிட்டப் போ. அவனுக்குத்தான் வேற வேலை இல்ல" என்றிருக்கிறார் பெருமாள் அண்ணன்.

பஸ் ஸ்டாண்டு என்பது நான்தான். இதிலும் இரண்டாவது ஆளாகத்தான் என்னிடம் வந்தாள். நான் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லா இருக்கு அங்கிள், ஆனா பலகையில எடம் இல்ல. பத்திரிகைக்கு அனுப்புங்க" என்றாள். போன வாரம் பலகை வைத்துவிட்டார்கள். அதில் இருப்பது பெருமாள் அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு வரி: "சயாம்: போனால் திரும்பி வந்துவிடும் இடம்."

என் பக்கங்கள் இங்கே வருகின்றன.

நான் பிறந்தது மலைக்குக் கீழே, தாப்பா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நான்காம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அதன் பிறகு பால்மரம் சீவினேன், செம்பனைக் குலை தள்ளினேன், ஈப்போவில் மீன் லோரியில் ஐஸ் உடைத்தேன், கிள்ளானில் மூட்டை தூக்கினேன். லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோஸ் வெட்டினேன். திரிங்காப்பில் பூந்தோட்டத்தில் இருந்தபோது உரச் சாக்குகளை விரித்துப் படுத்தேன். குளிருக்கு அது மோசமில்லை, நாற்றம்தான் முடியில் தங்கும். எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. சட்டை இரண்டையும் பையில்தான் வைத்திருப்பேன், ஆணியில் மாட்டமாட்டேன். பஸ் ஸ்டாண்டு என்ற பட்டப்பெயர் பிற்பாடு அதனால்தான் வந்தது.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் சயாம் என்பது நாட்டின் பெயராக இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில், ரயில் பாதை போடவென்று எங்கள் ஆட்களை லோரி லோரியாக அங்கே ஏற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் பேர்தான் திரும்பினார்கள். அதிலிருந்து அந்தச் சொல்லுக்குத் தோட்டத்தில் ஒரே பொருள்தான். கடைக்குப் போனவன் தாமதமாக வந்தால் "சயாமுக்கா போயிருந்த?" என்பார்கள். தொலைந்த கோழி சயாமுக்குப் போய்விட்டது. புருஷன்மேல் கோபம் வந்த பெண்கள், "உன்னச் சயாம் கொண்டுபோக" என்று மண்ணை வாரி இறைப்பார்கள். எல்லா வீட்டிலும் புழங்கிய அந்தச் சொல் எங்கள் வீட்டில் மட்டும் கிடையாது. என் தாத்தா வீராசாமி அந்த லோரி ஒன்றில் ஏறிப் போனவர். அவர் ஏறியதைச் சின்னப் பையனாக இருந்த என் அப்பா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை, வீட்டில் செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுப் படைப்பது எங்கள் வழக்கம். அப்பா தாத்தாவுக்கு இலை போட்டதே இல்லை. "சேதி வராதவருக்கு எப்படிடா எல போடறது?" என்பார். தோட்டத்தை விற்று வீடமைப்புக்காரன் மண்ணைத் தள்ளியபோதும் கடைசி ஆளாகத்தான் வெளியேறினார். தாத்தாவுக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. அப்படி ஒரே இடத்தில் காத்துக்கிடந்த மனிதரைப் பார்த்து வளர்ந்ததால்தான் எனக்குக் கால் எங்கேயும் தங்கவில்லை என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

திரிங்காப் தவுக்கே, அதாவது சீன முதலாளி, பூந்தோட்டத்தை மூடியபோது இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். முதல் நாள் காலைப் பெரட்டு, அதாவது ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம். மூடுபனியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. வேலை பிரிக்கிற மண்டோர் என் பக்கம் கை காட்டினார்.

"புது ஆளு, நீ சயாமுக்குப் போ."

"போக மாட்டேன்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "தொர வந்துட்டாருலா, நாற்காலி போடுங்க" என்றாள் ஒருத்தி.

மண்டோர் சிரிக்கவில்லை. "ஏன், மல ஏற பயமா?"

"அந்த எடத்துக்கு எங்க வீட்ல யாரும் போக மாட்டோம்."

"ஒங்க வீட்லேர்ந்து யாரு போனா?"

"தாத்தா."

"வந்தாரா?"

"வரல."

மண்டோர் என் அருகில் வந்து கொழுந்து வெட்டும் கத்தரியை என் கையில் கொடுத்தார். "இந்தச் சயாமுக்குப் போனா வந்துடலாம். சாயந்திரம் நானே கூப்பிடுவேன். போ."

அவர்தான் பெருமாள் அண்ணன். என்னைவிடச் சில வயது மூத்தவர். அன்று காலையிலேயே எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாத சொல்லை அவர் சோறு தண்ணி என்பதுபோலச் சொன்னார்.

மாலையில் வேலை முடிந்து சரிவின் அடிக்கு இறங்கினோம். மற்ற தேயிலை வயல்களில் ஆட்கள் கொழுந்து மூட்டையை எடை போட்டுவிட்டு லோரியில் ஏறிப் போய்விடுவார்கள். சயாமில் அப்படி இல்லை. இங்கே மட்டும் மாலையிலும் ஒரு பெரட்டு உண்டு. ஓடையருகே தட்டையான கல் ஒன்று இருக்கிறது. பெருமாள் அண்ணன் அதன்மேல் ஏறுவார். தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். கையில் தாள் எதுவும் இருக்காது. காலையில் யார் முதலில் மேலே ஏறினார்களோ அந்த வரிசையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். முழுப் பெயர். பட்டப்பெயர் கிடையாது, "டேய்" கிடையாது. நாள் முழுதும் என்னை பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு என்று சீண்டியவர் கல்லின்மேல் ஏறியதும் "சுப்பையா" என்றுதான் கூப்பிடுவார். காலையில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். மாலையில் "வந்துட்டேன்." சொன்னவனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார். தலை குனிந்து பதில் சொன்னால் திரும்பக் கூப்பிடுவார்.

குரலை உயர்த்தமாட்டார். பனி அடைத்திருக்கும் நாளில் மட்டும் பெயரின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டுவார். அது சரிவில் ஏறி மேலே காட்டு ஓரம்வரை போய் நிற்கும். அந்தக் குரல்மேல் எனக்கு முதல் வாரத்திலிருந்தே பொறாமை. என் குரல் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி.

அந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் அவருடைய அப்பா காத்தமுத்து. அவரும் ஜப்பான்காரன் லோரியில் சயாமுக்குப் போனவர். போய்த் திரும்பி வந்தவர். வந்த பிறகு அவருக்குக் கொசு என்றாலே உடம்பு நடுங்குமாம். கொசு இல்லாத ஊர் எங்கே என்று விசாரித்துக்கொண்டு இந்த மலைக்கு வந்தார். அவரோடு போய்த் திரும்பாதவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். காட்டை வெட்டித் தேயிலை போட இந்தச் சரிவைக் கொடுத்தார்கள். முதல் மழையில் சேறு முழங்காலை விழுங்கியபோது, "இதுவும் சயாம்தான்டா" என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. துரைமார் வரைபடத்தில் என்ன நம்பர் போட்டாலும் ஒட்டிக்கொண்டது கழலவில்லை.

"போறப்போ ஜப்பான்காரன் பேர் கூப்பிட்டுத்தான் ரயில் ஏத்துனான். வர்றப்போ கூப்பிட ஒருத்தனும் இல்ல. அதனாலதான் யாரு வந்தா, யாரு வரலன்னு யாருக்கும் தெரியாமப் போச்சு." காத்தமுத்து இப்படிச் சொல்வாராம். அதனால் சயாம் என்ற பெயருள்ள இடத்தில் வேலை செய்தால் இறங்கும்போதும் பெயர் கூப்பிடவேண்டும் என்று விதி வைத்தார். அவருக்குப் பின் மகன் கூப்பிட்டார்.

எனக்கு உறைத்தது இதுதான்: அதே லோரி, அதே ரயில், அதே ஊர். அவருடைய அப்பா திரும்பி வந்தார். என் தாத்தா வரவில்லை. ஒரே சொல்லில் அவர்களுக்கு ஒரு மலையும் தேயிலையும் ஒரு கல்லும் கிடைத்தன. எங்களுக்கு ஒரு வாசற்படியும் அதில் உட்கார்ந்திருந்த அப்பாவும்தான்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன் கிளம்பிவிடுவதாகத்தான் இருந்தேன். கோலா தெர்லாவில் தக்காளி வேலை கேட்டு வைத்திருந்தேன். கிளம்பாததற்குக் காரணம் சரோஜா. என் பக்கத்து நிரையில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவள். பிற்பாடு என் மனைவி. "தீபாவளிக்கு மொத நாள் பெரட்டப் பாத்துட்டுப் போங்க. தக்காளி ஓடியா போகப் போகுது?" என்றாள்.

தீபாவளிக்கு முதல் நாளன்று எல்லா வயல்களிலும் வேலை செய்தவர்கள் மாலையில் சயாமுக்கு வந்தார்கள். வேலையை விட்டுவிட்ட கிழவர்களும் வந்தார்கள். பெருமாள் அண்ணன் முதலில் எங்கள் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார். அதன் பிறகு கூப்பிட்டவை திரும்பி வராதவர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆள் ஒருவர் பதில் சொன்னார்.

"முனியன்."

என் பக்கத்திலிருந்து சரோஜா சொன்னாள்: "வந்துட்டாரு."

அவளுடைய தாத்தா. அவள் பார்த்தே இராதவர். பதில் சொல்லிவிட்டு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, சந்தையில் யாரையோ கண்டுபிடித்துவிட்டவள்போல நின்றாள். கூப்பிட்டால்தானே வந்து சாப்பிடுவார்கள் என்பது இவர்கள் கணக்கு. இங்கே பெயரைக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப்போய், இலை போடுவார்கள். ஒரு பெயருக்கு ஒரு வாய், ஒரு வாய்க்கு ஒரு பெயர். கூப்பிடுகிறவர் பதில் சொல்லக்கூடாது.

எல்லாரும் தங்கள் ஆளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். நான் வெறும் கையோடு நின்றேன். கட்டிக்கொள்ளப்போகிற பெண்மேலேயே பொறாமைப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் பெருமாள் அண்ணனிடம் போனேன். "அண்ணே, அடுத்த வருஷம் எங்க தாத்தா பேரையும் கூப்பிடுங்க. வீராசாமி."

"முடியாதுலா" என்றார். "இந்தப் பேரெல்லாம் எங்கப்பா கண்ணால பாத்த ஆளுங்க. கூட ரயில் ஏறுனவங்க. அவரு வாயால எனக்குக் குடுத்தாரு. குடுக்காத பேர நான் எப்படிக் கூப்பிட?"

நான் தக்காளிக்குப் போகவில்லை. அன்று மாலையே சட்டைகளை ஆணியில் மாட்டினேன். நல்லெண்ணத்தால் தங்கினேன் என்று யாராவது நினைத்தால் தப்பு. அந்தக் கல்லின்மேல் நிற்கும் மனிதர் ஒரு நாள் என் தாத்தா பெயரைச் சொல்லவேண்டும்; அது நடக்காமல் இங்கிருந்து போவதில்லை என்று பிடிவாதம்.

"என்ன பஸ் ஸ்டாண்டு, இன்னும் பஸ் வரலயா?" என்பார் அவர் காலையில்.

"டயர் பஞ்சர்ணே" என்பேன்.

வருஷங்கள் இப்படியே போயின. கல்யாணம் ஆயிற்று. ஒரு மகள் பிறந்தாள். கத்தரி போய் இயந்திரம் வந்தது. எங்கள் பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள். நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நேப்பாளத்துக்காரர்கள் எல்லாரையும் "பகதூர்" என்று கூப்பிட்டு முடித்துவிடுவோம். பெருமாள் அண்ணன் மட்டும் மாலைப் பெரட்டில் அவரவர் பெயரைக் கேட்டுப் பழகிச் சரியாகக் கூப்பிடுவார். அவர்களும் "வந்துட்டேன்" சொல்லக் கற்றுக்கொண்டார்கள். சிலருக்குத் தமிழில் தெரிந்ததே "இருக்கேன்", "வந்துட்டேன்" என்ற இரண்டு சொல்தான்.

ஒரு மழைக்கால மாலை. மதியத்திலிருந்து விடாத மழை. இறங்கி வந்து நின்றோம். பெருமாள் அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"கேசவ்."

பதில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. கேசவ், வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் சாக்குப் பிடித்து நடக்கிற இளைஞன்.

லோரி டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "அண்ணே, அவன் மொதல்லயே எறங்கிட்டான்லா. கடைக்குப் போயிருப்பான்."

"எறங்குனத யாரு பாத்தா?"

ஆளுக்கு ஆள் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார்கள்.

"பாக்கலன்னா எறங்கல" என்றார்.

அவருடைய தோளில் மாட்டியிருந்த வாக்கிடோக்கியில் சின்ன துரை கத்தினார். கொழுந்து சாக்கிலேயே சூடேறிக் கருத்துப்போகும், லோரி ஏன் இன்னும் வரவில்லை என்றார். அவர் கத்தியதும் நியாயம்தான். பெருமாள் அண்ணன் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். "லோரி போவட்டும் தொர. ஆளுங்க வர மாட்டாங்க. பெரட்டு முடியல" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டார்.

என் பக்கம் திரும்பினார். "நீ வா. நான் கூப்பிடறேன், நீ கேளு."

மருந்தடிக்கும் இயந்திரத்தை வருஷக்கணக்காக முதுகில் சுமந்ததில் அவருக்கு இடது காது போய்விட்டிருந்தது. தன் கூப்பிடுதலுக்கு வரும் பதிலை அவர் வலது காதை முன்னால் திருப்பித்தான் வாங்குவார். மழையில் அதுவும் சரியாகக் கேட்காது. அதனால்தான் என்னைக் கூட்டிக்கொண்டார். வேறு காரணம் இல்லை.

கான் ஓரமாகவே ஏறினோம். மழைத் தண்ணீர் வழிவதற்காகச் சரிவில் வெட்டியிருக்கும் வாய்க்காலைக் கான் என்போம். கொஞ்ச தூரம் ஏறுவோம், நிற்போம். அவர் "கேசவ்வ்" என்று நீட்டுவார். பிறகு இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். நான் தலையை ஆட்டுவேன். மறுபடி ஏறுவோம். காட்டு ஓரத்தை நெருங்கியபோது, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் எனக்குக் கேட்டது.

"இருக்கேன்."

அவருக்குக் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது. கானுக்குள் வழுக்கி விழுந்து, கரை சரிந்து, இடுப்புக்குக் கீழே மண்ணோடு கிடந்தான். கையால் தோண்டினோம். கால் ஒன்று முறிந்து தொங்கியது. காட்டு ஓரத்துக் கிளை ஒன்றை முறித்துக் காலோடு வைத்துக் கட்டி, சாக்கில் கிடத்திக் கீழே கொண்டுவந்தோம். எல்லாரும் மழையில் நின்றபடியே இருந்தார்கள். அவனை அப்படியே வண்டியில் ஏற்றியிருக்கலாம். பெருமாள் அண்ணன் விடவில்லை. சேற்றுக் காலோடு கல்லின்மேல் ஏறினார். தொப்பியைத் தேடினார், அது மேலேயே போய்விட்டிருந்தது.

"கேசவ்."

சாக்கில் கிடந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "வந்துட்டேன்."

மறுநாளிலிருந்து தோட்டம் முழுக்க ஒரே பேச்சு: பெருமாள் மண்டோர் கேசவைக் காப்பாற்றினார். குரலைக் கேட்டவன் பெயர் யார் வாயிலும் வரவில்லை. கேசவ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவருக்குத் தங்கள் ஊர்த் தொப்பி ஒன்றைக் கொடுத்தான். அழகான தொப்பி. எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"பிஸ்கட்டு நல்லாத்தானே இருக்கு" என்றாள் சரோஜா.

"தொப்பி நல்லா இல்லன்னு யாரு சொன்னா?" என்றேன்.

அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது எனக்குப் பாத்தியதை இருப்பதாக நினைத்தேன். "அண்ணே, அன்னைக்கு அந்தக் கொரல நான்தான் கேட்டேன். எங்க தாத்தா பேரு."

அவர் அந்தத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நீ கேட்டது நெசம். இல்லன்னு சொல்லல. ஆனா வீராசாமி லோரி ஏறுனத யாரு பாத்தா?"

"எங்கப்பா."

"அப்ப அது ஒங்கப்பா ஒனக்குக் குடுத்த பேரு. நீதான் கூப்பிடணும். நான் கூப்பிட்டா பொய்யாயிடும்டா. ஒரு பேரு பொய்யாச்சுன்னா மத்த பேரெல்லாம் பொய்யாயிடும்."

"கூப்பிடறது மண்டோருல்ல? நான் மண்டோர் இல்லையே."

"ஆயிடு" என்றார். "அதுவரைக்கும் பஸ் ஏறாம இரு."

அவர் ஓய்வு பெற்றபோது எனக்கு மண்டோர் வேலை கிடைத்தது. எனக்காகப் பெரிய துரையிடம் பேசியதும் அவர்தான். அதற்கும் நான் கடன்பட்டேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்பும் முன் என்னை அந்தக் கல்லருகே உட்காரவைத்து, அவருடைய அப்பா கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லவைத்தார். "தகரம்" என்பார் என் குரலை. "கொஞ்சம் எண்ணெ போடு. செத்தவங்க பயந்து ஓடிடப் போறாங்க."

மண்டோராக என் முதல் தீபாவளி. முதல் நாள் மாலை கல்லின்மேல் ஏறினேன். தொப்பியைக் கழற்றினேன். உயிரோடிருப்பவர்களைக் கூப்பிட்டேன். பிறகு காத்தமுத்து கொடுத்த பெயர்களை அவர் வரிசையிலேயே கூப்பிட்டேன். "வந்துட்டாரு", "வந்துட்டாரு" என்று பதில்கள் வந்தன. சரோஜா முனியனுக்குப் பதில் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் கடைசிப் பெயரைக் கூப்பிட்டேன்.

"வீராசாமி."

சத்தமே இல்லை.

அதுவரை எனக்குத் தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது. கூப்பிடுகிறவன் பதில் சொல்லக்கூடாது. சரோஜா தன் வாயை முனியனுக்குக் கொடுத்துவிட்டாள். மகள் ஜொகூரிலிருந்து மறுநாள்தான் வருகிறாள். இத்தனை வருஷம் ஒரு பெயரைக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்துவிட்டு, அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளாமல் விட்டிருந்தேன். கூட்டம் தரையைப் பார்த்தது. சரோஜா என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது, ஆனால் விதியை மீற அவளுக்கும் துணிவில்லை. பனி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சரிவின் மேல்பக்கம் திரும்பி, இன்னொரு முறை கூப்பிட்டேன். குரல் பாதியில் உடைந்தது.

"வீராசாமி."

என் முதுகுக்குப் பின்னால், லோரிப் பக்கத்திலிருந்து, நிதானமாக, நீட்டாமல், எனக்கு வராத அந்தக் குரலில் பதில் வந்தது.

"வந்துட்டாரு."

திரும்பினேன். பெருமாள் அண்ணன் வலது காதை என் பக்கம் திருப்பியபடி, அந்தத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு அவரிடம் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"பாக்கலன்னா எறங்கலன்னு சொல்வீங்க. எங்க தாத்தா எறங்குனத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே" என்றார். "நீ மேல பாத்துக் கத்திக்கிட்டு இருந்த. அவரு லோரிக்குப் பின்னால நடந்து வந்தாரு. ஒன் மூஞ்சிதான். ஆனா லட்சணமா இருந்தாரு."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துச் சரி செய்துகொண்டார்.

"எனக்குப் பதில் சொல்ல ஒரு பேரே கெடயாதுடா. எங்கப்பாதான் திரும்பி வந்துட்டாரே. ஆயுசு பூரா கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாரும் அவங்கவங்க ஆளக் கூட்டிக்கிட்டுப் போவாங்க, நான் தனியா வீட்டுக்குப் போவேன். இன்னைக்குத்தான் ஒருத்தருக்குப் பதில் சொன்னேன். நல்லாத்தான்லா இருக்கு."

அன்று இரண்டு பேருமாகத்தான் லயத்துக்கு நடந்தோம். வீட்டில் முதல் முறையாகத் தாத்தாவுக்கு இலை போட்டோம். என்ன வைப்பது? அவருக்கு எது பிடிக்கும் என்று அப்பா சொன்னதில்லை. அப்பாவுக்கே நினைவு இருந்திருக்காது. சரோஜா என்னைக் கேட்கவில்லை. வாசலில் நின்ற பெருமாள் அண்ணனைக் கேட்டாள். "நீங்கதானே பாத்தீங்க. என்ன சாப்பிடற ஆளு மாதிரி இருந்தாரு?"

"நெத்திலிக் கருவாடு" என்றார் கொஞ்சமும் யோசிக்காமல்.

நெத்திலி பொரித்து வைத்தோம்.

அதன் பிறகு நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது வள்ளி என்ற பெண் மண்டோர். நல்ல குரல். சயாமில் மாலைப் பெரட்டு இன்றும் நடக்கிறது. சுற்றுப்பயணிகள் தூரத்தில் நின்று படம் பிடிக்கிறார்கள். நான் கொடுத்த பெயரையும் வள்ளி மறக்காமல் கூப்பிடுகிறாள். நான் இப்போது கூப்பிடுகிறவன் இல்லை. என் வாய் சும்மாதான் இருக்கிறது. போன தீபாவளிக்கு முதல் நாள், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் போய் நின்றேன். வள்ளி "வீராசாமி" என்று முடிக்கவில்லை. நான் வாயைத் திறக்கிறேன். பக்கத்திலிருந்து "வந்துட்டாரு" என்று வந்துவிட்டது.

"என் தாத்தாண்ணே" என்றேன்.

"பழக்கமாயிருச்சுடா" என்றார்.

அவருடைய அப்பாவை அவர் பார்த்தார், தொட்டார், தோளில் ஏறி உட்கார்ந்திருப்பார். அது போதாதென்று என் தாத்தாவையும் பார்த்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். பலகையும் அவருடைய வரிதான். தொப்பியும் அவரிடம்தான் இருக்கிறது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்தத் தீபாவளிக்கு முதல் நாள் சீக்கிரமே போய் இடம் பிடிக்கப் போகிறேன். அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், கேட்காத இடது காது வள்ளியின் பக்கம் இருக்கும்படி நிறுத்திவிடுவேன்.